பன்னிரண்டு அடித் திரையில் மைனஸ் மூன்று

நம் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறீர்கள்: "சார், மேடைக்கு எந்த அரேஞ்சர் கீபோர்டு வாங்கலாம்?" நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பதில் அடிப்பதற்குள் கேட்டவரின் வீட்டில் அட்டைப்பெட்டி வந்து இறங்கியிருக்கும். அவருக்கு என்னிடமிருந்து வேண்டியது ஆசீர்வாதம் மட்டும். நானும் கும்பிடு போடும் பொம்மையை அனுப்பி ஆசீர்வதித்துவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் செகந்திராபாத்திலும் ஹைதராபாத்திலும் மேடை மேடையாக வாசித்து ஓய்ந்தவனுக்கு இந்த மரியாதையாவது மிஞ்சியிருக்கிறதே.

ஆனால் போன வாரம் குழுவில் நடந்த சண்டையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுபத்தாறு கட்டையா அறுபத்தொரு கட்டையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அதிகாலைவரை அடித்துக்கொண்டீர்கள். எழுபத்தாறு வேண்டும் என்று கொடி பிடிக்கிற யாரும் மேடையில் நடுவிலிருக்கிற இருபத்தைந்துக்கு மேல் தொட்டு நான் பார்த்ததில்லை. மிச்சக் கட்டைகள் தூசி வாங்கவும், லிப்ட் வேலை செய்யாத நாளில் மூன்றாவது மாடி மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முதுகைப் பதம் பார்க்கவும் இருக்கின்றன.

இந்தப் பெட்டியின் மகிமை உங்களுக்கே தெரியும். இடது கையில் மூன்று கட்டையைச் சேர்த்து ஒரு கார்டு பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாவற்றையும் அதுவே வாசித்துவிடும். நான்கு பேர் வேலையை ஒருவர் செய்யலாம். நான்கு பேருக்கு வரவேண்டிய பிரியாணியையும் அந்த ஒருவரே சாப்பிடலாம். ஆனால் எல்லா நல்ல குணமும் ஒரே பெட்டியில் கிடைக்காது. தூக்க லேசானது வேண்டுமென்றால் ஸ்பீக்கர் சொங்கியாக இருக்கும். பெரிய திரை உள்ளதென்றால் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அது கண் விழிக்கும்வரை ஒரு டீ குடிக்கலாம். வெளிநாட்டு ரிதம் இருநூறு இருக்கும், தீன்மார் என்கிற நம்மூர்க் குத்தடி இருக்காது. நம் ஊரில் தீன்மார் அடி இல்லாத கீபோர்டோடு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போனால், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் நம்மைத்தான் ஊர்வலம் விடுவார்கள்.

நான் கீபோர்டு மாற்றிய கதையைச் சொல்கிறேன். அப்போது பகலில் மல்லாபூரில் ஒரு பம்பு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப். ட்ரூப்பின் லீடருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஸ்பீக்கர் செட்டும் வேனும் அவருடையவை, அதனால் அவர் லீடர். ஆண் குரல் பாட்டுகளையும் அவரே பாடுவார், அதே காரணத்தால். பரம்பரை செகந்திராபாத்காரர். தமிழில் ஆரம்பித்து ஹைதராபாத் உருதுவான தக்கனியில் முடிப்பார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் மைக்கைப் பிடித்ததும் முதல் வார்த்தை, "நம்ம ட்ரூப்ல எல்லாமே ஒரிஜினல் ஸ்கேல்! கொறைக்கிற பழக்கமே இல்ல!" அதாவது பாட்டு முதலில் பதிவானபோது எந்த சுருதியில் இருந்ததோ, அதே சுருதியில் நாங்களும் வாசிப்போம், பாடுவோம் என்று அர்த்தம்.

இதில் இரண்டு பொய் இருந்தது. இரண்டும் எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும்.

முதல் பொய் நான். எனக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும்தான் தெரியும். எந்தப் பாட்டானாலும் சி ஸ்கேலில், வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிப்பேன். டிரான்ஸ்போஸ் பட்டனை மேலேயோ கீழேயோ தட்டிவிட்டால், என் விரல் அதே இடத்தில் இருக்க, சத்தம் மட்டும் வேண்டிய சுருதிக்குப் போய்விடும். கருப்புக் கட்டைகள் என் கீபோர்டில் இருபது வருடமாக வாங்கியபடியே புதுசாக இருந்தன. சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறீர்கள், வீடியோவில் கையை நெருக்கத்தில் காட்டமாட்டேன் என்கிறீர்கள்.

இரண்டாவது பொய் ஸ்டெல்லாவுடையது. எங்கள் பாடகி. வேலூர்க் குடும்பம், மூன்று தலைமுறையாக செகந்திராபாத். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். திங்கள் முதல் வெள்ளிவரை பிள்ளைகளை அதட்டித் தேய்ந்த தொண்டையோடு சனிக்கிழமை மேடையேறுவார். முதல் வரி பாடியதும் அந்த அம்மாவின் முகத்தில் பத்து வயது குறையும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. மேல் ஸ்தாயி எட்டவில்லை. ஒரு நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே காதோரம் இரண்டு விரலை வைத்தார். நான் இரண்டு படி இறக்கினேன். மூன்று விரல் வைத்த நாளில் மூன்று. தொண்டை அன்றன்றைக்கு எப்படியோ, விரல் அப்படி. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. மூன்று வருடம் இப்படியே ஓடியது. லீடர் அப்போதும் ஒரிஜினல் ஸ்கேல் என்றுதான் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். இல்லை என்று அவர் காதும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த நிலைமையில் என் பழைய கீபோர்டின் கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையாகிக்கொண்டு வந்தன. வெள்ளைக் கட்டைகள்தான், வேறு எது தேயும்? லீடர் பரபரத்தார். "பிரதர், பெருசா வாங்குங்க. ஜனங்க கண்ணால பாக்குறாங்க, காதால யாரு கேக்குறாங்க?" லோத்குண்டாவில் எங்கள் வீட்டு ஹாலை அளந்து பார்த்துவிட்டு என் மனைவி, "அது உள்ள வந்தா பீரோ வெளிய போகணும், இல்ல நீங்க போகணும்" என்றாள்.

கடையில் இரண்டு பெட்டிகள் இறுதிச்சுற்றுக்கு வந்தன. ஒன்று சின்னது, சாதுவானது. கைவிரல் அளவு திரை, டிரான்ஸ்போஸுக்குத் தனிப் பட்டன், ஸ்விட்ச் போட்டதும் எழுந்துகொள்ளும். ஆனால் தீன்மார் இல்லை, பார்வைக்கும் பள்ளிக்கூட கீபோர்டு மாதிரி இருந்தது. இன்னொன்று ராஜா. தொட்டால் விரியும் வண்ணத் திரை, பாட்டு வரிகளை ஓடவிடும் வசதி, அந்தத் திரையை அப்படியே பெரிய திரைக்கு அனுப்பும் வசதி, உள்ளூர் ரிதமெல்லாம் ஏற்றிக்கொள்ள இடம். டிரான்ஸ்போஸ் மட்டும் திரைக்குள் இருந்தது. விற்பனைப் பையனிடம் தமிழில் கேட்டேன், அவன் இந்தியில் பதில் சொன்னான்: "மெனு மே ஹை, அங்கிள்." மெனுவில் இருக்கிறதாம்.

நான் டெமோ பட்டனை அழுத்தினேன். அது தானாக அபாரமாக வாசித்தது. அடுத்தவன் வாசிப்பைக் கேட்டு, நாமே வாசித்துவிட்டதுபோல் நெஞ்சு நிமிர்வது அந்த ஒரு இடத்தில்தான். அதோடு, பெட்டியின் முதுகில் கம்பெனி பெயர் சபையைப் பார்த்துப் பளபளவென்று எழுதியிருந்தது. ராஜாவை வாங்கிவிட்டேன். கனம், விலை, ரிதம், திரை என்று அன்று பதினாறு விஷயத்தை நிறுத்துப் பார்த்தேன். அந்தப் பெட்டியோடு வாரம்தோறும் பாட வேண்டியவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நீங்களாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

அதே மாதம் லீடர் வேனில் ஒரு செய்தி சொன்னார். டிவி போட்டியில் மூன்றாவது சுற்றுவரை போன ஒரு பெண் சான்ஸ் கேட்கிறாளாம். "சின்னப் பொண்ணு, எந்த ஸ்கேலும் பாடும். நம்ம ட்ரூப்ல ஒரிஜினல் ஸ்கேல் எட்டாதவங்க வீட்டுல ரெஸ்ட் எடுக்கலாம். நான் பொதுவாச் சொல்றேன்." பொதுவாகச் சொன்னாலும் வேனில் பெண் என்று இருந்தது ஸ்டெல்லா ஒருவர்தான். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைய நிகழ்ச்சி நடக்கவிருந்த உப்பல் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

உப்பலில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுவிழா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த குடும்பங்கள் நிறைய, அவர்கள்தான் எங்களை அழைத்திருந்தார்கள். செயலாளர் கோயமுத்தூர்க்காரர், முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். ஆன்லைனில் கீபோர்டு கற்றுக்கொள்கிறாராம். வந்ததும் என் ராஜாவைச் சுற்றி வந்து, "நல்ல மாடலுங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்கு ஒரு எல்இடி திரை. அதைப் பார்த்ததும் லீடருக்கு ஞானோதயம். "பிரதர், உங்க பொட்டில இருந்து வயர் போகும்ல? பாட்டு வரியைப் பின்னாடி ஓடவிடுங்க, பப்ளிக் கூடவே பாடும்!"

எனக்கும் ஆசைதான். வயரை மாட்டினேன். முதல் மூன்று பாட்டு லீடருடையவை. அவற்றுக்கு வேண்டிய சுருதியை வீட்டிலேயே பதிந்து வைத்திருந்தேன், சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. வரிகள் பெரிய திரையில் ஓடின, கூட்டம் கூடவே பாடியது. உலகத்திலேயே சிறந்த கீபோர்டை வாங்கிவிட்டேன் என்று மிதந்துகொண்டிருந்தேன்.

நான்காவது ஸ்டெல்லாவின் பாட்டு. ஒரிஜினலே சி ஸ்கேல், எனக்கு அல்வா. ரிதம் ஆரம்பித்தது. ஸ்டெல்லா காதோரம் மூன்று விரல் வைத்தார். அவருடைய பாட்டுக்கு மட்டும் அந்த நேரத்தில்தான் சுருதியில் கை வைக்க வேண்டும். மெனுவைத் திறந்து மூன்று தட்டுத் தட்டினேன்.

ராஜா என்ன செய்தது தெரியுமா? பாட்டு வரியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, திரை நடுவில் ஒரு கட்டம் போட்டு, சிவப்பு எழுத்தில் டிரான்ஸ்போஸ் மைனஸ் மூன்று என்று காட்டியது. என் திரையில் அது உள்ளங்கை அளவு. ஸ்டெல்லாவின் தலைக்குப் பின்னால் பன்னிரண்டு அடி.

செயலாளரின் மகள் எழுந்து நின்று கத்தினாள். "டாடி, மைனஸ் த்ரீ அண்டே ஏண்டி?"

அப்படியென்றால் என்ன என்று தெலுங்கில் கேட்ட மகளுக்கு அப்பா தமிழில், சபைக்கே கேட்கிற மாதிரி விளக்கம் கொடுத்தார். "பாட்டோட சுருதிய மூணு படி எறக்கிட்டாங்க கண்ணு. மேல போக முடியலைன்னா அப்படிப் பண்ணுவாங்க."

சிலர் சிரித்தார்கள். ஸ்டெல்லா திரும்பி அந்தத் திரையைப் பார்த்தார். மேடை ஓரத்திலிருந்து லீடரும் பார்த்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். முன்னிசை ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் நான்கு எண்ணிக்கையில் அவர் பாட வேண்டும். மைனஸை எடுத்துவிட்டால் மேல் வரியில் குரல் உடையும், அதோடு இந்த ட்ரூப்பில் அவர் கதை முடியும். வயரைப் பிடுங்கினால் ஒளித்தது உறுதியாகும். எண்ணை பூஜ்யமாக்கிவிட்டு அதே சுருதியை வெறும் விரலால் வாசிக்கலாம், சுண்டைக்காய் வேலை. கருப்புக் கட்டை தெரிந்தவனுக்கு.

ஸ்டாப் பட்டனை அழுத்தினேன். எல்லாம் நின்றது. பக்கத்திலிருந்த மைக்கை எடுத்தேன்.

"மன்னிக்கணும். அந்த மைனஸ் மூணு பாடுறவங்களுக்கு இல்ல, எனக்கு. இந்தப் பாட்டு ஏ ஸ்கேல். எனக்கு வெள்ளைக் கட்டையில மட்டும்தான் வாசிக்கத் தெரியும். சி-யில வாசிச்சு மூணு எறக்கினா ஏ வந்துரும். இருபது வருஷமா இப்படித்தான் ஏமாத்திட்டு இருக்கேன்."

மண்டபமே சிரித்தது. செயலாளர் தொடையைத் தட்டிக்கொண்டு, "அட, நானும் அப்படித்தானுங்க!" என்றார். நான் சொன்னது அந்தப் பாட்டைப் பொறுத்தவரை பொய், என்னைப் பொறுத்தவரை மெய். எண்ணைப் பார்த்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. மறுபடி ஆரம்பித்தேன். ஸ்டெல்லா பாடினார். நடுக்கத்தோடு தொடங்கினாலும் மேல் வரியில் குரல் நின்றது. எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தியாகி பென்ஷனுக்கு மனுப் போடலாம் என்கிற அளவுக்கு.

இடைவேளையில் லீடர் சமோசாவோடு வந்தார். "என் மூக்கை அறுத்துட்டீங்க, பிரதர். ஒரிஜினல் ஸ்கேல் ட்ரூப்ல கீபோர்டுகாரனுக்கே கருப்புக் கட்டை தெரியாதாம். அதையும் மைக்ல சொல்றீங்க. கைக்கு, எதுக்கு? உங்களை யாரு கேட்டா? அடுத்த புரோகிராமுக்கு நான் வேற ஆளைப் பாக்கணும்." சமோசாவை எனக்குக் கொடுக்காமல் போய்விட்டார்.

ஸ்டெல்லா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று அடக்கமான முகத்தைத் தயார் செய்துகொண்டு திரும்பினேன்.

"அந்தப் பாட்டு சி-தான்னு எனக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும்மா. அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணல."

"என் குரல் எறங்குனது என்ன திருட்டுத்தனமா? ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், எறங்கிடுச்சு. மூணு வருஷமா நானும் காதைத் தொட்டுத் தொட்டு பயந்து சாவறேன், நீங்களும் பட்டனுக்குள்ள ஒளிச்சு வெச்சீங்க. இப்ப அதுக்காக உங்க பேரையும் கெடுத்துக்கிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான்கு எண்ணிக்கையில் கேட்க நேரமில்லை என்று சமாதானம் சொல்லலாம். மூன்று வருடத்தில் நேரமில்லை என்று எப்படிச் சொல்வது? பெரிய மனசோடு அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர் குரலை வெளியே சொல்லக் கூடாத வியாதி மாதிரி மூடி வைத்தவர்களில் நானும் ஒருவன். வெட்கமாக இருந்தது. வெள்ளைக் கட்டை விஷயத்தைச் சபையில் சொன்னபோதுகூட அவ்வளவு வெட்கமாக இல்லை.

இடைவேளைக்குப் பிறகு லீடரும் ஸ்டெல்லாவும் பாடும் டூயட். லீடர் வழக்கம்போல் ஒரிஜினல் ஸ்கேல் என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். ஸ்டெல்லா அவருக்கு முன்னால் மைக்கில் பேசிவிட்டார். வகுப்பறைக் குரல், கூட்டம் தானாக அடங்கியது.

"அடுத்த பாட்டு மைனஸ் நாலு. அது எனக்கு. போன பாட்டுல அந்த மைனஸ் மூணும் எனக்குத்தான், அண்ணன் எனக்காக உங்ககிட்ட பொய் சொன்னாரு. தொண்டையில ஆபரேஷன் ஆனதுக்கப்புறம் என் குரல் இங்கதான் இருக்கு. இங்க நல்லாத்தான் இருக்கு, கேட்டுப் பாருங்க." என் பக்கம் திரும்பினார். "அண்ணா, எல்லாருக்கும் தெரியற மாதிரி போடுங்க."

போட்டேன். பன்னிரண்டு அடியில் மைனஸ் நான்கு வந்தது. "மைனஸ் ஃபோர்!" என்று அந்தக் குட்டிப் பெண் கத்த, கைதட்டல் எழுந்தது. லீடருக்கு மேடையில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. சிரித்துவைத்தார்.

அந்த டூயட்டில் ஆண் குரலுக்கு ஒரு உச்ச வரி உண்டு. அந்த இடம் வரும்போதெல்லாம் லீடர் "பாடுங்க!" என்று மைக்கைச் சபைக்கு நீட்டிவிடுவார். ரசிகர்கள் மேல் உள்ள அன்பு என்று பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறார். அன்றும் பழக்கத்தில் நீட்டப் போனவர், பாதி வழியில் கையை நிறுத்தினார். நான்கு படி இறங்கியதில் அந்த வரி தன் தொண்டைக்கே எட்டுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மைக்கைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு அவரே பாடினார். நன்றாகவே பாடினார். ஸ்டெல்லா கீழ்க்குரலில் அவரைத் தாங்கிக்கொண்டு போனார். அந்தக் கனமான குரலை நான் அதுவரை சரியாகக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அதை ஒளித்திருக்கமாட்டேன்.

முடிந்ததும் செயலாளர் மேடைக்கு வந்து லீடரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொங்கலுக்கும் இந்தம்மாவையே கூட்டிட்டு வந்துருங்க. மைனஸ் எத்தன வேணாலும் போட்டுக்கட்டும்." லீடர், "ஹவ் ஹவ், ஆமா, நம்ம ட்ரூப்போட ஸ்பெஷாலிட்டியே அதானே" என்று கூசாமல் சொன்னார். அடுத்த ஆளைப் பார்க்கிற பேச்சு என் விஷயத்திலும் எழவில்லை. ஆனாலும் நான் அந்த மழைக்காலத்துக்குள் ஏ ஸ்கேலைக் கற்றுக்கொண்டேன். ஐம்பத்தோரு வயதில் கருப்புக் கட்டையைத் தொட ஆரம்பித்தவன் என்று நீங்கள் என்னைத் தாராளமாகக் கிண்டல் செய்யலாம்.

சாமான்களை வேனில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். ஸ்டெல்லா முன் சீட்டில், நான் பின்னால் ராஜாவைத் தொடையில் தாங்கியபடி. லீடர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ராஜாவின் உறை ஜிப்பை இரண்டு தடவை திறந்து மூடினார். பிறகு குனிந்து என் காதில் சொன்னார்.

"பிரதர், அந்த மைனஸ் நாலு. இனிமே என் பாட்டுக்கெல்லாமும் அதையே போட்டு வைங்க. வெளிய மட்டும் சொல்ல நக்கோ, வேணாம்."

முன் சீட்டிலிருந்து ஸ்டெல்லா திரும்பாமலேயே பதில் சொன்னார். "சொல்லிட்டுத்தான் போடுவாரு."